ஒரு கத்தி, இரண்டு தீர்ப்பு: பள்ளி ஒழுக்க விதிகளில் எதைத் தேர்வது?

1999 அக்டோபர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், லௌடன் கவுண்டியில் ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் வகுப்புத் தோழனிடம், முந்தின இரவு தற்கொலை நினைப்பில் இருந்ததாகவும், கத்தி ஃபைலோடு சேர்ந்து பள்ளிக்கு வந்துவிட்டதாகவும் சொல்கிறாள். அவள் முன்பே அப்படி முயன்றவள் என்பது அந்த 13 வயதுப் பையனுக்குத் தெரியும். ஃபைலை வாங்கித் தன் லாக்கரில் வைத்துப் பூட்டினான். மாலையில் பெற்றோரிடம் சொல்லலாம் என்று இருந்தான். அதற்குள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. பையன் நல்லெண்ணத்தில்தான் செய்தான், அவனால் யாருக்கும் ஆபத்தில்லை என்று பள்ளி அதிகாரியே ஒப்புக்கொண்டார். இருந்தும் முதலில் 10 நாள் சஸ்பென்ஷன். அப்புறம் அந்தப் பருவம் முடியும்வரை. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதில் அரசியலமைப்பு மீறல் எதுவும் இல்லை என்று கையை விரித்துவிட்டது.

அதற்கு முந்தைய வருடம் டென்னசி மாநிலத்து வழக்கு ஒன்றில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு மாதிரி பேசியது. நண்பன் காரில் வைத்துவிட்டுப் போன கத்தி, பள்ளி வாகன நிறுத்தத்தில் சிக்கியது. அது வண்டியில் இருப்பதே தெரியாது என்றான் மாணவன். தெரியுமா தெரியாதா என்பது எங்களுக்கு முக்கியமில்லை, விதி விதிதான் என்றது பள்ளி நிர்வாகம். தன்னிடம் ஆயுதம் இருப்பதே தெரியாத பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்குவதில் நியாயம் எதுவும் இருக்க முடியாது, 'ஜீரோ டாலரன்ஸ்' (காரணம் எதுவானாலும் விலக்கில்லாமல் ஒரே தண்டனை) என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதை விசாரிக்கும் கடமையிலிருந்து தப்பிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தெரியாமல் வைத்திருந்தவனுக்குச் சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. தெரிந்தே, ஒரு உயிரைக் காப்பாற்ற வைத்திருந்தவனுக்கு இல்லை.

இந்த இரண்டு வழக்குகளும் எனக்குத் தெரியவந்தது, இங்கே அமெரிக்காவில் எங்கள் பள்ளி மாவட்டத்தில் (உள்ளூர்ப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு அது) மாணவர் நடத்தை விதிகளைத் திருத்தும் குழுவில் பெற்றோர் தரப்பில் என்னையும் சேர்த்த பிறகுதான். எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. இருக்கிற ஜீரோ டாலரன்ஸ் விதியையே வைத்துக்கொள்வது. குற்றத்துக்குத் தக்கபடி தண்டனையைப் படிப்படியாக ஏற்றுவது. தண்டிப்பதற்குப் பதில் உட்காரவைத்துப் பேசி உறவைச் சீர்செய்வது. மிரட்டல் விஷயங்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு குழுவிடம் ஒப்படைப்பது. 'துப்பாக்கிக்குக் கண்டிப்பு, மற்றதற்கெல்லாம் கனிவு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்ற நினைப்போடுதான் முதல் கூட்டத்துக்குப் போனேன். அது அவ்வளவு சுலபமில்லை.

முதலில் இந்த ஜீரோ டாலரன்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1980களில் போதைப்பொருளுக்கு எதிரான நடவடிக்கைகளில் புழங்கிய சொல் அது. படகில் துளி போதைப்பொருள் கிடைத்தாலும் படகையே பறிமுதல் செய்வார்கள். பள்ளிக்கூடத்துக்கு அது முழு வேகத்தில் வந்தது 1994ஆம் ஆண்டு 'துப்பாக்கியில்லாப் பள்ளிகள்' சட்டத்தோடு. மத்திய அரசின் கல்விப் பணம் வேண்டுமென்றால், துப்பாக்கி கொண்டுவரும் மாணவனைக் குறைந்தது ஒரு வருடம் நீக்க வேண்டும், காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது அது. பலர் கவனிக்காத ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது: ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகப் பார்த்து அந்த ஒரு வருடத்தைக் குறைக்கும் அதிகாரத்தைத் தலைமை நிர்வாகியிடமே அது விட்டுவைத்தது. ஆக, துப்பாக்கிக்கே 'பார்த்து முடிவு செய்' என்றுதான் சட்டம் சொன்னது. பார்க்காமல் முடிவு செய்கிற பழக்கம் பள்ளி மாவட்டங்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. 1999இல் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது: பேனாக்கத்தி, தலைவலி மாத்திரை, பொம்மைத் துப்பாக்கி, கடைசியில் 'எதிர்த்துப் பேசுதல்' வரை.

2009இல் டெலவேரில் ஆறு வயதுப் பையன் ஒருவன், சாரணர் முகாமுக்கான கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் மூன்றும் சேர்ந்த ஒரு கருவியைச் சாப்பிடுவதற்காகப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். தண்டனை பெற்ற பிள்ளைகளுக்கான மாற்றுப் பள்ளிக்கு 45 நாள் அனுப்ப முடிவானது. ஊரே கொதித்த பிறகு, பள்ளி வாரியம் சின்னப் பிள்ளைகளுக்கான விதியைத் தளர்த்தியது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

சரி, பிள்ளைகளுக்கு உரிமை என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1969இல் வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டி அணிந்த மாணவர்களின் வழக்கில், பள்ளி வாசலோடு பேச்சுரிமை முடிந்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம். 1985இல், பள்ளி அதிகாரிகள் மாணவர் பையைச் சோதிக்க வாரண்டு வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும் என்றது. 2009இல், வலி மாத்திரை தேடி 13 வயதுப் பெண்ணின் உடைகளைக் களையவைத்துச் சோதித்தது தவறு என்று தீர்ப்பளித்தது. ஆனால் சோதித்த அதிகாரிகள் இழப்பீடு தர வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

நம் விஷயத்துக்கு நேராக வருவது 1975ஆம் ஆண்டு ஒஹையோ வழக்கு. கொலம்பஸ் நகரப் பள்ளிகளில் விசாரணை இல்லாமல் சஸ்பெண்ட் செய்யப்பட்ட ஒன்பது மாணவர்களின் வழக்கு அது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: 10 நாள் வரையிலான சஸ்பென்ஷனுக்கும் மூன்று விஷயம் வேண்டும். என்ன குற்றம் என்று சொல்ல வேண்டும். மாணவன் மறுத்தால் என்ன ஆதாரம் என்று விளக்க வேண்டும். அவன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அவ்வளவுதான். வக்கீல் வேண்டாம், சாட்சிகள் வேண்டாம். பிரின்சிபால் அறையில் ஐந்து நிமிடப் பேச்சு போதும். நீண்ட கால நீக்கத்துக்கு இதைவிட முறையான விசாரணை தேவைப்படலாம் என்று மட்டும் கோடிட்டுக் காட்டியது. அந்த முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அந்த ஐந்து நிமிடம் ஜீரோ டாலரன்ஸ் விதியின் கீழ் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "கத்தி உன் லாக்கரில் இருந்ததா?" "இருந்தது சார், ஆனால்..." அந்த 'ஆனால்' என்ற சொல்லோடு விசாரணை முடிந்தது. பையன் பேசலாம், அழலாம், அம்மா வந்து அழலாம். கேட்கிறவர் இளகினாலும் அவர் கையில் அதிகாரம் இல்லை. பேச வாய்ப்புக் கொடுத்தாயிற்று, சட்டப்படி எல்லாம் சரி. கேட்பவரால் முடிவை மாற்ற முடியாதபோது பேசும் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்த முறையில் என்னை உறுத்துவது இதுதான். தண்டனையின் கடுமை எனக்கு இரண்டாம் பட்சம்.

இதைக் குழுவில் சொன்னேன். ஆமோதித்துத் தலையாட்டல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கூட்டம் முடிந்து கார் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள் ஒரு தமிழ்ப் பெண். நடுநிலைப் பள்ளி ஆசிரியை, எனக்குத் தங்கை முறை. "அண்ணா, நீங்க மாசம் ஒரு நாள் வந்து பேசிட்டுப் போயிடுவீங்க. முப்பது பிள்ளைங்க முன்னால நிக்கிறது நான். 'பார்த்து முடிவு பண்ணலாம்'னு விட்டா யாரைப் பார்த்து முடிவு பண்ணுவாங்கன்னு நினைக்கிறீங்க? அப்பா டாக்டரா இருந்தா ஒரு முடிவு, இல்லேன்னா ஒரு முடிவு. விதின்னு ஒண்ணு எழுதி வச்சா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நிலையான தண்டனையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதமே இதுதான். அதைக் கொடுமைக்காரர்களின் வாதம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

வீட்டுக்கு வந்து 2011இல் வெளியான டெக்சஸ் ஆய்வை எடுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து குறைந்தது ஆறு வருடம் பின்தொடர்ந்த ஆய்வு அது. கிட்டத்தட்ட 60 சதவீதம் பேர் பள்ளி முடிப்பதற்குள் ஒரு முறையாவது சஸ்பெண்ட் செய்யப்பட்டோ நீக்கப்பட்டோ இருந்தார்கள். அவற்றில் மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்திய தண்டனைகள் வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளி தன் விருப்பப்படி கொடுத்தவை. அப்புறம்தான் முக்கியமான கணக்கு: மற்ற எல்லா அம்சங்களும் ஒன்றாக இருந்தாலும், இப்படி விருப்பப்படி தரும் தண்டனை கறுப்பின மாணவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு 31 சதவீதம் கூடுதல். சட்டம் கட்டாயப்படுத்திய குற்றங்களில் அந்தச் சாய்வு இல்லை. நாடு முழுக்க எடுத்தாலும், பொதுப் பள்ளி மாணவர்களில் 15.5 சதவீதமாக இருந்த கறுப்பின மாணவர்கள், சஸ்பெண்ட் ஆனவர்களில் சுமார் 39 சதவீதம் என்று மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2018இல் சொன்னது.

தங்கை சொன்னது அப்படியே நிற்கிறது. ஆளைப் பார்த்துத் தண்டிக்கும் பழக்கம், பார்த்து முடிவு செய்யும் இடத்தில்தான் குடியிருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்கலாம். ஒரு பள்ளி 'ஜீரோ டாலரன்ஸ்' என்று பலகை மாட்டினாலும், தண்டனைகளில் பெரும்பகுதி துப்பாக்கிக்கோ போதைப்பொருளுக்கோ இல்லை. 'அவமரியாதை', 'கீழ்ப்படியாமை', 'இடையூறு' என்ற சொற்களுக்கு. இந்தச் சொற்களுக்கு நிலையான தண்டனை எழுதிவைத்தால் சாய்வு போய்விடாது. எது அவமரியாதை என்று முடிவு செய்கிற இடத்துக்கு அது நகர்ந்துவிடும், அவ்வளவுதான். எங்கள் குழுவுக்குப் பெயர்கள் அழித்த பழைய புகார்ச் சீட்டுகள் சிலவற்றைக் கொடுத்தார்கள். ஒன்றில் 'கீழ்ப்படியாமை' கட்டத்தில் டிக். கீழே, நடந்ததை விளக்கும் இடத்தில் இரண்டே சொல்: 'கண்ணை உருட்டினான்.' இரண்டு நாள் சஸ்பென்ஷன். என் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கண் உருள்கிறது என்று எண்ணினால் என் மகளுக்குக் கல்லூரி வயதுவரை பள்ளிக்கூடமே கிடையாது.

கலிஃபோர்னியா இதைச் சொல்லிலிருந்தே பிடித்தது. 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற காரணத்துக்காக மூன்றாம் வகுப்பு வரை சஸ்பெண்ட் செய்யக் கூடாது, எந்த வகுப்பிலும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2014இல் சட்டம் வந்தது. 2019இல் எட்டாம் வகுப்பு வரை போனது. 2023இல் போட்ட சட்டம் அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, 2029 ஜூலை வரைக்கும் நீட்டித்தது. ஆசிரியர் ஒரு பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பும் உரிமை அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு அனுப்புவதைத்தான் தடுத்தார்கள். இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இரண்டாவது வழியான படிநிலைத் தண்டனையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு அட்டவணை, இடப்பக்கம் குற்றம், மேலே முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. எழுதுவது சுலபம், வழக்கு வந்தால் காட்டுவதும் சுலபம். ஒவ்வொரு கட்டத்திலும் 'இதிலிருந்து இதுவரை' என்று ஒரு வரம்பு கொடுத்தால், பிரின்சிபாலுக்கு யோசிக்க இடமும் இருக்கும், வரம்பை மீறவும் முடியாது. ஜீரோ டாலரன்ஸை விட மேல். அட்டவணையில் அந்தப் பழைய தெளிவில்லாச் சொற்களே உட்கார்ந்திருந்தால், புது மொந்தையில் பழைய கள்.

மூன்றாவது வழிதான் இப்போது எல்லோர் வாயிலும் இருப்பது. சண்டை போட்டவர்களை வட்டமாக உட்காரவைத்து, என்ன நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, எப்படிச் சரிசெய்வது என்று பேசவைக்கும் முறை. கேட்கவே இதமாக இருக்கும். பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலப் பாதிப் பள்ளிகளில் இதை இரண்டு வருடம் நடத்திப் பார்த்து, ராண்டு என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் அறிக்கை தந்தது. சஸ்பென்ஷன் நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டது என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். நல்லது. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் மதிப்பெண்கள் இறங்கின. வகுப்பை ஆசிரியர் கட்டுக்குள் வைத்திருக்கிறாரா என்று மாணவர்களைக் கேட்டபோது, இந்த முறை நடந்த பள்ளிகளில் குறைவாக மதிப்பிட்டார்கள். பிரச்சினை அதிகம் இருக்கும் வயதே அந்த நடுநிலைப் பள்ளி வயதுதான்.

முறையே தவறு என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சிலர் என்று பரிந்துரைக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் ஒருவர் தலையில் அதைவிடக் கூடுதல் பிள்ளைகள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ஆசிரியர்கள் தலையில் கட்டினால், பாடம் நடத்தும் நேரத்திலிருந்துதான் அந்த வட்டத்துக்கு நேரம் போகும். இன்னொன்றையும் குழுவில் அழுத்திச் சொன்னேன்: அடிவாங்கிய பிள்ளையை, அடித்தவன் முன் உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவளுக்கும் உரிமை உண்டு. மாணவர் உரிமை என்றாலே குற்றம் சாட்டப்பட்டவனின் உரிமை என்று மட்டும் பேசுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

நான்காவது வழியைப் பற்றி எனக்கு முன்பு எதுவும் தெரியாது. வர்ஜீனியா பல்கலைக்கழக உளவியலாளர் டூயி கார்னெலும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. ஒரு பிள்ளை "உன்னைக் கொன்னுடுவேன்" என்று சொன்னாலோ அப்படி ஒரு படம் வரைந்தாலோ, நிர்வாகி, கவுன்சிலர், உளவியலாளர், பள்ளிக் காவலர் கொண்ட குழு முதலில் பேசிப் பார்க்கும். கோபத்தில் வந்த வாய்ச்சொல்லா, நிஜமாகவே திட்டம் இருக்கிறதா என்று பிரிக்கும். முதல் வகை மன்னிப்போடு முடியும். இரண்டாவது வகைக்கு, மிரட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பு, பிள்ளைக்கு மனநலப் பரிசோதனை, தேவைப்பட்டால் காவல்துறை. 2013இல் வர்ஜீனியா எல்லாப் பொதுப் பள்ளிகளிலும் இப்படி ஒரு குழுவைச் சட்டப்படி கட்டாயமாக்கியது.

இது வெறும் கனிவு இல்லை. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அமெரிக்க சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அவற்றில் 81 சதவீதத்தில், தாக்கியவனின் எண்ணமோ திட்டமோ முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் கூடப்படித்த பிள்ளைகள். அவர்கள் வாய் திறந்தால்தான் பள்ளிக்குப் பாதுகாப்பு. சொன்னால் நண்பனுக்குப் பள்ளி போகும், தானும் மாட்டலாம் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை வந்து சொல்லும்? லௌடன் கவுண்டிப் பையனின் கதையைக் கேட்ட அடுத்த பையன் என்ன செய்வான்? ஃபைலைத் தொடவே மாட்டான். ஜீரோ டாலரன்ஸ் பள்ளிகளைப் பாதுகாப்பாக்கியது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் சிறப்புக் குழு 2008இல் பதிப்பித்த ஆய்வு சொன்னதில் எனக்கு வியப்பில்லை.

நான்கில் எதை எடுத்தாலும் மாறாத ஒன்று இருக்கிறது: மாற்றுத்திறன் உள்ள மாணவரை 10 பள்ளி நாட்களுக்கு மேல் வெளியே வைப்பதாக இருந்தால், அந்த நடத்தை அவருடைய குறைபாட்டிலிருந்து வந்ததா என்று முதலில் பரிசீலிக்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம். ஆயுதம், போதைப்பொருள், கடும் உடற்காயம் ஆகியவற்றுக்கு மட்டும், அந்தப் பரிசீலனையின் முடிவு எதுவானாலும் 45 பள்ளி நாட்கள் வரை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று தனி விதிவிலக்கு. இது தெரியாத பெற்றோர் நிறைய.

வாஷிங்டனிலிருந்து வழிகாட்டுதல் வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. தண்டனைகளில் இனச் சாய்வைக் குறைக்கச் சொல்லி 2014இல் ஒரு வழிகாட்டுதல் வந்தது; 2018 டிசம்பரில் அடுத்த அரசு அதைத் திரும்பப் பெற்றது. முடிவு கடைசியில் உள்ளூர் வாரியத்தின் மேசைக்குத்தான் வருகிறது.

நான் எதற்குக் கைதூக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். நிஜத் துப்பாக்கிக்கு மட்டும் நிலையான தண்டனை, தலைமை நிர்வாகி எழுத்தில் குறைக்கலாம் என்று சட்டம் தரும் அந்த விலக்கோடு. சொல்லாலும் படத்தாலும் வரும் மிரட்டல்களுக்கு வர்ஜீனியா மாதிரிக் குழு. மற்றதற்கு வரம்புள்ள அட்டவணை, அதிலிருந்து 'கீழ்ப்படியாமை'யை எடுத்துவிட்டு. வட்டமாக உட்காரும் முறை, இரண்டு தரப்பும் விரும்பினால் மட்டும், அதற்கென்று தனி ஆள் போட்ட பிறகு. தங்கை முதல் மூன்றுக்கும் கைதூக்கினாள். நாலாவதான அந்த வட்டத்துக்கு, "ஆள் போடட்டும், அப்புறம் பாக்கலாம் அண்ணா" என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

கடைசிக் கூட்டத்தில் புகார்ச் சீட்டின் புது வடிவம் வந்தது. 'மாணவர் சொன்ன காரணம்' என்று ஒரு இடம், 'அதைக் கேட்டு நிர்வாகி எடுத்த முடிவும் ஏன் என்பதும்' என்று அடுத்து ஒரு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள். அரைப் பக்கம் வேண்டும் என்றேன். நிர்வாகிகளுக்கு நேரம் இல்லை என்றார்கள். முக்கால் மணி நேரம் பேசி, ஐந்து வரிக்கு ஒத்துக்கொண்டார்கள்.